குளிரில் ஸ்டார்ட் ஆகாத டீசல் டிரக்: கிளாம்ப் மீட்டர் வாங்கியது வீண் போகவில்லை

குளிர்காலக் காலையில் என் டிரக் ஸ்டார்ட் ஆகவே இல்லை, பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள், மாற்றினேன், மறுநாளும் அதே பாடுதான். அப்புறம்தான் ஒயரைச் சுற்றிக் கவ்வி அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் இந்த கிளாம்ப் மீட்டரை வாங்கினேன். டிசி (பேட்டரி தரும் மின்சாரம்) ஆம்பியர் அளப்பதாகப் பார்த்து எடுங்கள், ஏசி (வீட்டு மின்சாரம்) மட்டும் அளப்பது இந்த வேலைக்கு உதவாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்குகளுக்குப் போகும் தடித்த ஒயரை மீட்டரின் வாய்க்குள் விட்டுச் சாவியைத் திருப்பினால் போதும். என் வண்டியில் நான்கு பிளக், ஒவ்வொன்றும் முதலில் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும், ஆக 60 காட்ட வேண்டிய இடத்தில் 30தான் வந்தது. இரண்டு பிளக் செத்துக் கிடந்தன! செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்ததும் அதனால்தான்: டீசல் உள்ளே போகிறது, பற்றிக்கொள்ளச் சூடு போதவில்லை. புகையே வராவிட்டால் முதலில் டீசல் வருகிறதா என்று பாருங்கள், கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு கட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும்.

வோல்ட்டும் அளக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள்.

குறை என்றால், அளக்கும் முன் ஒவ்வொரு தடவையும் ஜீரோ செய்ய வேண்டும், மறந்தால் அளவு தப்பும். வாய் கொஞ்சம் தடிமன், நெருக்கமான இடத்தில் நுழைக்கச் சிரமம். பிளக் இரண்டையும் மாற்றியதும் வண்டி முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது.