வாராவாரம் மீல் மேக்கர் 65: இரண்டு வருட ஏர் ஃப்ரையர் அனுபவம்

சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனை வண்டிக் கடையில் சிக்கன் 65 பார்சல் வாங்குவது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். இலையைப் பிரித்ததும் வரும் அந்த வாசனைக்கே பசி எடுக்கும். கல்லூரி இரண்டாம் ஆண்டில் மகள் வீகனாக மாறினாள். கறி, முட்டை மட்டுமில்லை, பால், தயிரும் கிடையாது. கறியை விட்டது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. அந்த சனிக்கிழமைப் பார்சலைத்தான் ரொம்பத் தேடினாள். அவளுக்காகத்தான் 2023 தீபாவளி சமயத்தில் 4 லிட்டர் ஏர் ஃப்ரையர் ஒன்று வாங்கினோம். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கும் மேலாக, அநேகமாக வாராவாரம் அதில் மீல் மேக்கர் 65 செய்கிறேன்.

"கடையில் காலிஃபிளவர் 65 வாங்கிக்கொள்ளலாமே" என்று பலர் கேட்டார்கள். பல கடைகளில் அதற்கும் தயிர் சேர்த்துத்தான் ஊறவைக்கிறார்கள், சில இடங்களில் முட்டையும் உண்டு. கோழி பொரித்த அதே எண்ணெயில்தான் காலிஃபிளவரும் பொரியும். அப்புறம் அந்த எண்ணெயே எனக்குக் கவலை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் 'போலார் காம்பவுண்ட்' என்கிற கழிவுகள் சேரும். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. வண்டிக் கடையில் அதை அளந்து பார்க்க நம்மால் முடியாது. சாயமும் அப்படித்தான். 2024 மார்ச்சில் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை விதித்தபோது, எங்கள் பார்சல் இலையில் ஒட்டியிருக்கும் சிவப்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

முதல் மூன்று மாதம் சரியாகவே வரவில்லை. பஜ்ஜி மாவு போலக் கரைத்து, மீல் மேக்கரை அதில் முக்கி வைத்தேன். மாவு வழிந்து கூடையின் ஓட்டைகளில் இறுகிவிட்டது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பச்சை மாவு. காரணம் புரிய நாளானது. கொதிக்கிற எண்ணெயில் விழுந்த நொடியே மாவு நாலு பக்கமும் இறுகிவிடும். சூடான காற்றுக்கு அந்த வேகம் இல்லை, இறுகுவதற்குள் மாவு ஒழுகிவிடுகிறது. ஏர் ஃப்ரையர் என்பது காற்றாடி வைத்த ஒரு சின்ன அவன்தான். பொரிக்கிற சட்டி என்று நினைத்து அதில் சமைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இப்போது நான் செய்கிற விதம் இதுதான். 100 கிராம் மீல் மேக்கரை உப்புப் போட்ட தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். சோயா வாடை இந்த அலசலில்தான் போகும். பிறகு கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, ஒரு சொட்டுக்கூட விழாத அளவுக்குப் பிழிய வேண்டும். அவசரத்தில் நான் இதில் குறை வைத்த நாளெல்லாம் 65 நமுத்துப் போய்த்தான் வந்தது. பெரிய உருண்டைகளை இரண்டாக வெட்டிக்கொள்வேன், மசாலா உள்ளே இறங்கும்.

தயிருக்குப் பதில் வேர்க்கடலைத் தயிர். ஒரு கப் பச்சைக் கடலையை இரவு ஊறவைத்து அரைத்து, பால் பிழிந்து, காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடிவைத்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். சாதத்தில் பிசைந்து சாப்பிட எனக்கு அந்தக் கடலை வாசம் பிடிக்கவில்லை. ஆனால் 65-க்கு அது அருமையாகப் பொருந்துகிறது, புளிப்பும் கொழுப்பும் சேர்ந்தே கிடைக்கிறது. நேரம் இல்லாதபோது கெட்டித் தேங்காய்ப்பாலில் எலுமிச்சை பிழிந்துகொள்வேன். சுமார்தான்.

மூன்று ஸ்பூன் கடலைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, ஒன்றரை ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், மிளகுத்தூள், கொஞ்சம் சோம்புத்தூள், உப்பு. இதில் அரை மணி நேரம் ஊறட்டும். கடைசியில்தான் மாவு: இரண்டு டேபிள் ஸ்பூன் கார்ன்ஃப்ளோர், ஒரு டேபிள் ஸ்பூன் அரிசி மாவு. கரைக்கக் கூடாது, உலர்ந்த மாவாகத் தூவிப் புரட்ட வேண்டும். மேலே இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய். எண்ணெயே இல்லாமலும் செய்து பார்த்தேன், மாவு வேகாமல் தொண்டையில் ஒட்டியது. இந்த இரண்டு ஸ்பூன் கட்டாயம் வேண்டும். 180 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்கிவிட்டு, கடைசியில் 200-இல் இரண்டு நிமிடம். நிறம் கடைச் சிவப்பாக வராது, செங்கல் நிறம்தான்.

கறிவேப்பிலையை மட்டும் உள்ளே போடாதீர்கள். காற்றில் பறந்து மேலே இருக்கும் கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகி, வீடெல்லாம் புகை. தனியாக அரை ஸ்பூன் எண்ணெயில் கறிவேப்பிலை, கீறிய பச்சை மிளகாய், பூண்டு தாளித்து மேலே கொட்டுங்கள். பார்சல் வாசனை உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

மெஷினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 4 லிட்டர் என்றாலும் ஒரே அடுக்காகப் பரப்பினால்தான் மொறுமொறுப்பு வரும், அதனால் 100 கிராம்தான் ஒரு தடவைக்கு. நாலு பேருக்கு இரண்டு ஈடு போட வேண்டும், முதல் ஈடு அதற்குள் ஆறிவிடுகிறது. 1,400 வாட் மெஷின் கால் மணி நேரம் ஓடினால் மூன்றில் ஒரு யூனிட் கரண்டுதான், அதில் குறை இல்லை. கூடையின் நான்ஸ்டிக் பூச்சு ஒரு வருடம் தாண்டியதும் உரிய ஆரம்பித்தது. கம்பி நார் போட்டுத் தேய்த்தது என் தப்பு. புதுக் கூடை வாங்கியபிறகு வெந்நீரில் ஊறவைத்து ஸ்பாஞ்சால் மட்டுமே கழுவுகிறேன்.

மெஷின் இல்லாதவர்கள் இதற்காக வாங்க வேண்டியதில்லை. இரும்புப் பணியாரக் கல்லில் குழிக்கு நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, மிதமான தீயில் திருப்பித் திருப்பி ஒன்பது நிமிடம் வைத்தால் போதும். இரண்டு பேருக்கு என்றால் நானே இப்போது கல்லைத்தான் எடுக்கிறேன். இரும்பு பட்ட இடத்தில் வரும் அந்த மொறுமொறுப்பு காற்றில் வரவே வராது.

சத்தைப் பொறுத்தவரை, உலர்ந்த மீல் மேக்கர் 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். வீகன் பிள்ளைக்கு அது பெரிய துணை. ஆனால் பி12 இதிலிருந்து கிடைக்காது. அதற்கு மகள் டாக்டர் சொன்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். உப்பையும் கவனிக்க வேண்டும், ருசிக்காகக் கை தாராளமாகப் போய்விடும்.

கோழி போல இருக்கிறதா என்றால், இல்லை. மெல்லும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் 1965-இல் மவுண்ட் ரோடு புஹாரி ஹோட்டலில் பிறந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பதார்த்தத்தின் ருசியில் பெரும் பங்கு மசாலாவுக்கும் தாளிப்புக்கும்தான் என்பது இத்தனை வாரம் செய்ததில் எனக்கு நிச்சயமாகிவிட்டது. கோழி சாப்பிடுகிற என் கணவரும் சனிக்கிழமைகளில் இப்போது பார்சல் கேட்பதில்லை.

மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, ஆறிய 65-ஐ நறுக்கி, வெங்காயம், எலுமிச்சையோடு சப்பாத்தியில் சுருட்டிக் கொடுத்தனுப்புகிறேன். போன வாரம் பத்துச் சுருள். அறைத் தோழிகளுக்கும் வேண்டுமாம்.