லக்மன் சோதனையா, முன்இழுப்புச் சோதனையா?

முழங்காலின் முன்சிலுவைப் பிணைநார், அதாவது ஏசிஎல், அறுந்துள்ளதா என அறியும் இவ்விரு சோதனைகளையும் கொழும்பில் இயன்மருத்துவம் பயிலும் மாணவர் ஒரே நாளில் கற்றாலும், அவற்றைச் சம எடையுள்ளவையாகக் கருதக்கூடாது.

இரண்டிலும் கணைக்கால் என்பை முன்னோக்கி இழுத்து, அது மிகையாக நகர்கிறதா எனப் பார்க்கப்படுகிறது. முன்இழுப்புச் சோதனையில் முழங்கால் 90 பாகை மடிக்கப்படுகிறது. றக்பி ஆட்டத்தில் அடிபட்டுப் புதிதாக வந்தவரின் மூட்டில் குருதி தேங்கியிருப்பதால் அவ்வளவு மடிப்பதே கடினம். மடித்தாலும், வலியால் இறுகிய பின்தொடைத் தசைகள் கணைக்கால் என்பைப் பின்னோக்கிப் பிடித்துக்கொள்ள, மூட்டினுள் மெத்தை போலிருக்கும் உட்புறப் பிறைக் கசியிழையத்தின் பின்கொம்பு (பின்முனை) கதவுக்கு வைத்த ஆப்புப் போலத் தடுக்க, அறுந்த பிணைநாரும் அறாததாகத் தோன்றிவிடும்.

1976இல் டோர்க் என்ற மருத்துவரின் குழுவினர் விவரித்த லக்மன் சோதனையில் மடிப்பு 20 முதல் 30 பாகை மட்டுமே என்பதால் இத்தடைகள் பெரிதும் குறைகின்றன. இழுப்பின் முடிவில் பிணைநாரின் உறுதியான தடை உணரப்படுகிறதா என்பதே அங்கு முக்கியம்; உணரப்படாவிட்டால் அது அறுந்திருக்கலாம். புதிய காயத்துக்கு நான் இதையே தெரிவேன். பருத்த தொடையைச் சிறிய கைகளால் பற்றுவது சிரமந்தான். நோயாளியின் தொடைக்கடியில் பரிசோதகர் தம் முழங்காலை வைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும், கணைக்கால் என்பு ஏற்கெனவே பின்சரிந்துள்ளதா என முதலில் பார்க்க வேண்டும். பின்சிலுவைப் பிணைநார் அறுந்தவரில், அவ்வென்பு இயல்நிலைக்குத் திரும்புவதே முன்னகர்வாகத் தோன்றி ஏமாற்றும்.