பழைய வண்ணாரப்பேட்டை ஹவில்தார் சலூன்: சவரம் முதல் தரம், ஆகஸ்ட் 6 அன்று மட்டும் போகாதீர்கள்

குறையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். 2025 ஆகஸ்ட் 6, புதன்கிழமை. பாஸ்போர்ட்டுக்குப் புகைப்படம் எடுக்க வேண்டும், முகம் ஒரு வாரமாகக் காடு மண்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை என்பதால் ஒரு நாள் பொறுத்திருந்து போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. அதில் நோட்டுப்புத்தகத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது: 'ஹிரோஷிமா நாள். இன்று கடை இல்லை.'

ஹிரோஷிமாவுக்கும் என் தாடிக்கும் என்ன சம்பந்தம் என்று வாய்விட்டே திட்டினேன். அடுத்த தெருவில் வேறு ஒரு கடைக்குப் போய்க் கன்னத்தில் இரண்டு கீறலோடு புகைப்படம் எடுத்துக்கொண்டேன். இனி பத்து வருடம் அந்தக் கீறல்களோடுதான் வெளிநாடு போக வேண்டும், போனால்.

கடை இருக்கும் இடம்: தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்தில் இறங்கி எம்.சி. ரோடு பக்கமாக நடங்கள். ஜவுளிக்கடைக் கூட்டத்தைத் தாண்டியதும் ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது, ஹவில்தார் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். உரிமையாளர் ராணுவத்தில் முடிதிருத்துநராகச் சேர்ந்து 22 வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். இரண்டு நாற்காலிகள், அவற்றில் ஒன்று ஏற்றினால் இறங்காது. ஏ.சி. இல்லை, பாட்டு இல்லை. முடி வெட்ட 120 ரூபாய், சவரம் 60. காசாகவே எடுத்துப் போங்கள்.

சவரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். வெந்நீரில் பிழிந்த துண்டை முகத்தில் ஒரு நிமிடம் போட்டு வைப்பார். நம் கண்ணெதிரே உறையைக் கிழித்துப் புது பிளேடைப் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகுவார். தாடைக்குக் கீழே, எல்லாரும் அவசரப்படும் அந்த இடத்தில், இடக்கை விரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு அரிசிக்குள் கல் பொறுக்குவதுபோல மெதுவாகப் போவார். எதிர்ப்பக்கம் இழுத்தாலும் எரியாது. கடைசியில் ஈரப் படிகாரம். மொத்தம் அரை மணி நேரம் ஆகும், அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது. முடிவெட்டு வேறு கதை. கொஞ்சம் குறைத்தால் போதும் என்று எத்தனை முறை சொன்னாலும் பட்டாளத்து அளவுக்கு வந்துவிடும். கல்லூரிப் பையன்கள் ஒரு முறை வந்தால் மறுமுறை வருவதில்லை.

மற்ற சலூன்களில் நடிகர் படம் இருக்கும் சுவரில் இங்கே மூன்று படங்கள், மூன்றும் சீருடை போட்டிருந்தவர்களோடு தொடர்பு உள்ளவை. கேட்காமல் அவர் வாய் திறக்க மாட்டார். மூடிய கடைக்கு நியாயம் கேட்கப் போன அன்று நான் கேட்டேன்.

முதல் படம் அட்மிரல் ராமதாஸ். 1971 போரில் ஐ.என்.எஸ். பியாஸ் கப்பலுக்குத் தலைமை தாங்கி வீர் சக்ரா வாங்கியவர், 1990 முதல் 1993 வரை கடற்படைத் தளபதி. ஓய்வுக்குப் பிறகு இந்திய-பாகிஸ்தான் மக்கள் நட்புக்கும் அணு ஆயுத ஒழிப்புக்கும் உழைத்தார். 2004இல் மகசேசே விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் பாகிஸ்தான்காரரான ஐ.ஏ. ரஹ்மான். 2024 மார்ச்சில் ராமதாஸ் இறந்தபோதும் கடை மூடியிருந்ததாம். (எனக்கு அன்று தாடி இல்லை போலிருக்கிறது.) இரண்டாவது படம் அமெரிக்க ஜெனரல் லீ பட்லர். அந்த நாட்டின் அணு ஆயுதப் படைகளுக்கே தளபதியாக இருந்தவர், 1996இல் இவற்றை ஒழிக்க வேண்டும் என்று பகிரங்கமாகப் பேசினார்.

எனக்குச் சுருக்கென்றது. "எல்லாரும் பென்ஷன் வாங்கிய பிறகுதான் ஞானம் பெறுகிறார்கள், பார்த்தீர்களா?" என்றேன். நானும் பென்ஷன்காரன்தான், துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன்.

கத்தியால் மூன்றாவது படத்தைக் காட்டினார். ஒரு சின்னப் பாய்மரப் படகு, கோல்டன் ரூல் என்று பெயர், முப்பது அடி. காசிமேட்டு விசைப்படகுகள் பலவும் இதைவிடப் பெரியவை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஓட்டிய ஆல்பர்ட் பிகலோ, 1958இல் இந்தப் படகை மார்ஷல் தீவுகளில் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கும் இடத்துக்கே கொண்டுபோகப் புறப்பட்டார். ஹொனலுலுவில் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 2010இல் மூழ்கிய படகை அமெரிக்க முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று தூக்கிச் செப்பனிட்டு 2015இல் மீண்டும் கடலில் விட்டது.

"அண்ணே, பிகலோ கடற்படை ரிசர்வ் வேலையை எப்போது விட்டார் தெரியுமா? பென்ஷனுக்குத் தகுதி வர ஒரு மாதம் இருக்கும்போது."

ஒரு மாதம். ஓய்வுக்கு முந்தைய கடைசி மாதத்தில் நான் தும்மக்கூட யோசித்திருக்கிறேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் வெடித்தபோது எங்கள் ஷிப்டுக்கு லட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். அதே துறைமுகத்தில்தான் 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சுட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அதற்கே ஊரைவிட்டு ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், லட்டு தின்றோம். குண்டு கையில் இருந்தால் எவனும் சண்டைக்கு வர மாட்டான் என்று அன்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. இதை ஹவில்தாரிடமும் சொன்னேன்.

"அடுத்த மே மாதமே கார்கில் வந்துவிட்டதே," என்றார். அப்போது அவர் காஷ்மீரில் ஒரு முகாமில் இருந்திருக்கிறார். மேலே போகிற பையன்களுக்கு வரிசையாக முடி வெட்டி அனுப்பினாராம். இருபது, இருபத்தொரு வயது. ஒருவன், மீசையை மட்டும் தொடாதீர்கள், ஊருக்குப் போகும்போது வேண்டும் என்றானாம். அந்தச் சண்டையில் நம் பக்கம் இறந்தவர்கள் 527 பேர் என்பது அரசுக் கணக்கு.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"கழுத்தை அசைக்காதீர்கள்," என்றார்.

நாம்தான் முதலில் குண்டு போட மாட்டோம் என்று சொல்லியிருக்கிறோமே என்று கொஞ்ச நேரம் கழித்து இழுத்தேன். "அவன் போட்ட பிறகு நாம் போடுவோம். அப்போது முடி வெட்டிக்கொள்ள இங்கே யார் இருப்பார்கள், அங்கே யார் இருப்பார்கள்?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று ஒத்துக்கொள்ள மனமில்லை. எல்லையில் இருப்பவன் நாளைக்கே மாறிவிடுவானா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சை ஒரு பேராசிரியர் பேசியிருந்தால் சுலபமாகச் சிரித்துவிட்டு எழுந்து வந்திருப்பேன். இவரிடம் அது முடியவில்லை, கையில் கத்தி இருந்தது என்பதற்காக மட்டும் அல்ல.

அந்த ஆகஸ்ட் 6 அன்று என்னதான் செய்தார் என்று கேட்டேன். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அருகே தட்டி பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், மொத்தம் நான்கு பேர். இவர், கடற்படையில் இருந்த ஒருவர், விமானப்படையில் இருந்த ஒருவர், தரைப்படை டிரைவர் ஒருவர். காவலர் வந்து, பென்ஷன் போராட்டமா என்று விசாரித்தாராம். இல்லை, அணுகுண்டு வேண்டாம் என்கிறோம் என்றதும், வெயிலில் நிற்காதீர்கள் ஐயா, நிழலுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நூறு துண்டுப் பிரசுரங்கள் அச்சடித்ததில் முப்பது மீந்துவிட்டன. அவற்றின் பின்பக்கத்தில்தான் இப்போது கடைக் கணக்கு எழுதுகிறார்.

தட்டிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், டிரைவருக்கு முழங்கால் வலி, இந்த முறை வருவது சந்தேகம் என்றும் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். கண்ணாடியில் நான் இருந்தேன்.

காலை ஏழு மணிக்குத் திறக்கிறார், மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை கிடையாது, இரவு எட்டரை வரை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அடுத்த ஆகஸ்ட் 6 வியாழக்கிழமை வருகிறது, புதன்கிழமையே போய்ச் சவரம் செய்துகொண்டுவிடுங்கள்.