கணுக்கால் பிரேஸ்: லீஃப் ஸ்பிரிங்கா, சாலிடா, ஹிஞ்சா, கார்பனா? எது யாருக்கு ஒத்து வரும்

கணுக்கால் பிரேஸ்னு (நடக்கறப்போ பாதத்தையும் கணுக்காலையும் பிடிச்சு நிறுத்த கீழ்க்கால்ல போடறது) பேச்சு எடுத்தாலே எல்லாரும் முதல்ல கேக்கறது பிளாஸ்டிக்கா கார்பன் ஃபைபரான்னுதான். என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. முதல்ல பாக்க வேண்டியது அவங்க நடக்கும்போது முழங்கால் என்ன பண்ணுதுன்னு. கணுக்காலை 90 டிகிரில பூட்டிட்டா குதிகால் தரையில படும்போது பாதம் மெதுவா இறங்க வழி இல்ல, அதனால கீழ்க்கால் முன்னாடி தள்ளப்பட்டு முழங்கால் மடங்கப் பாக்கும், தொடைத் தசைல பலம் இருக்கறவங்க சமாளிச்சுடுவாங்க, இல்லாதவங்களுக்கு நேரா விழற பயம்தான்.

லீஃப் ஸ்பிரிங், சாலிட் ரெண்டையும் சேர்த்தே பாக்கணும், ஏன்னா ரெண்டும் ஒரே பிளாஸ்டர் மோல்டு மேல, ஒரே பாலிப்ரோப்பிலீன்ங்கற பிளாஸ்டிக் ஷீட்டை சூடாக்கி இழுத்து செய்யறதுதான். வித்தியாசம் வெட்டற கோட்டுல இருக்கு. கணுக்காலோட ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு நிக்கற எலும்புக்குப் பின்னாடி கோடு போனா அது வளையற லீஃப் ஸ்பிரிங், முன்னாடி போனா அசையாத சாலிட். நடுவுல சில மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலே விறைப்பு நல்லாவே மாறும். வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால விவரமானவங்க முதல்ல விறைப்பா விட்டுட்டு, நடக்க வெச்சுப் பாத்து பாத்து கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க.

பாதம் தூக்க முடியாம தொங்கறது மட்டும்தான் பிரச்சனைனா லீஃப் ஸ்பிரிங் போதும், காலை எடுத்து வெக்கும்போது விரல் தரையில இடிக்காம தூக்கிக் குடுத்துடும். ஆனா ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் தசை இறுகி பாதம் உள்பக்கமா திருகற ஆளுக்கு இதைக் குடுத்தா பிளாஸ்டிக்தான் தோத்துப்போகும், அங்க சாலிட் வேணும், கூடவே ஷூவுல மெத்துனு ஒரு குதிகாலும் முன்பக்கம் உருளற மாதிரி ராக்கர் சோலும் இருந்தா மேல சொன்ன முழங்கால் மடங்கற பிரச்சனை நல்லாவே குறையும்.

கணுக்கால் கிட்ட கதவுக் கீல் மாதிரி ஹிஞ்ச் வெச்சது பத்தி கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். அசைவு இருந்தா நல்லதுதானேன்னு நிறைய பேர் இதைத்தான் விரும்பறாங்க. படி ஏற, சேர்ல இருந்து எழுந்திருக்க சாலிடை விட சுலபம்தான், பாதம் கீழ தொங்காம ஒரு ஸ்டாப் பிடிச்சுக்கும், முன்பக்கமா மட்டும் மடங்கும். ஆனா கெண்டைக்கால் தசை பலவீனமா இருக்கற குழந்தைக்கு அந்த முன்பக்க மடக்கத்தைத் தடுக்க உள்ளுக்குள்ள எதுவுமே இல்ல, கீழ்க்கால் முன்னாடி சாஞ்சு முழங்கால் இன்னும் மடங்கி, கூனி நடக்கறது மோசமாயிடும். கெண்டைத் தசை ரொம்ப இறுக்கமா இருந்தா வேற வினை, கணுக்கால் மடங்க மாட்டேங்குதேன்னு அதுக்குப் பதிலா பாதத்தோட நடுப்பகுதி மடங்கி சரிஞ்சு தட்டையாகும், வெளில இருந்து பாத்தா ஹிஞ்ச் அழகா வேலை செய்யற மாதிரியே தெரியும்.

அப்படி கூனி நடக்கறவங்களுக்கு முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் தகடு வர்ற கிரவுண்ட் ரியாக்‌ஷன் டைப் பொருத்தமா இருக்கும். தரையோட எதிர்விசையை வெச்சே முழங்காலைப் பின்னாடி தள்ளி நிமிர்த்தும். முழங்காலே நிமிராம ஒரேயடியா இறுகிப்போயிருந்தா இது உதவாது.

இப்போ கார்பன். லேசானது, அடியெடுத்து வெக்கும்போது வளைஞ்சு, கால் தரையை விட்டுக் கிளம்பும்போது அந்த சக்தியைத் திருப்பிக் குடுக்கும். தசை இறுக்கம் இல்லாம வெறும் பலவீனம் மட்டும் இருக்கற பெரியவங்களுக்கு நடை சோர்வு குறைய நல்ல வாய்ப்பு உண்டு. ஆனா ஒரு இடத்துல எலும்பு உரசுதுன்னா பிளாஸ்டிக்கை ஹீட் கன் வெச்சு கொஞ்சம் வெளிய தள்ளிடலாம், கார்பன்ல அது முடியாது. வளர்ற குழந்தைக்கும் கால் வீங்கி வத்தறவங்களுக்கும் நான் கார்பன் சொல்லவே மாட்டேன். வீக்கம் அதிகம், உணர்ச்சியும் கம்மின்னா ஷூவோட இணைச்ச பழைய இரும்புக் கம்பி டைப்பைக் கூட யோசிக்கலாம், கனம்தான், ஆனா தோல்ல படற இடம் ரொம்பக் கம்மி.

3டி பிரிண்ட் வந்ததுல பிளாஸ்டர் அழுக்கு இல்ல, ஃபைல் இருந்தா அதே மாதிரி இன்னொண்ணு எடுத்துக்கலாம். ஆனா ஸ்கேன் எடுக்கும்போது பாதத்தைக் கோணலா பிடிச்சிருந்தா அந்தக் கோணல் அப்படியே அச்சு பிசகாம வந்து நிக்கும். இழையை உருக்கி அடுக்கடுக்கா போடற பிரிண்ட்னா எந்தத் திசையில அடுக்கினாங்கன்னு கேளுங்க, வளையற இடத்துக்குக் குறுக்க அடுக்கு வந்தா அங்கதான் பிளந்துக்கும்.

கரண்ட் குடுத்து பாதத்தைத் தூக்கற ஸ்டிமுலேட்டர் ஸ்ட்ரோக் மாதிரி மூளைப் பக்கப் பாதிப்புக்கு சரி. போலியோ, இல்ல முழங்கால் பக்கத்து நரம்பே அறுந்துபோனதுன்னா அது வேலைக்கு ஆகாது.

எதை எடுத்தாலும் அளவெடுக்கப் போகும்போது தினமும் போடற ஷூவைக் கையோட எடுத்துட்டுப் போங்க, குதிகால் உயரம் கொஞ்சம் மாறினாலே கீழ்க்கால் சாயற கோணம் மாறி மொத்த செட்டிங்கும் போயிடும். புது பிரேஸை முதல் நாளே நாள் முழுக்கப் போட வேணாம், கொஞ்ச நேரம் போட்டுக் கழட்டி, முழங்காலுக்கு வெளிப்பக்கம் கீழ இருக்கற எலும்பு முனை, கணுக்கால் எலும்பு, பாதத்தோட உள்பக்க மேடு எல்லாம் பாருங்க, அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையலைன்னா திரும்பப் போடாம செஞ்சவங்ககிட்டயே எடுத்துட்டுப் போங்க.