ஓட்டைப் பித்தளைப் பானை மறுபடி அடுப்பேற: பட்டறையா, பாத்திரக்கடையா, வீட்டு கிட்டா?

பரணில் கிடக்கும் பாட்டி காலத்துப் பித்தளைப் பானையை ஹாலில் அழகுக்கு வைப்பதென்றால் புளி போட்டுத் தேய்த்தால் போதும். அதில் தினமும் சாம்பார் கொதிக்க வேண்டுமென்றால் ஓட்டையை அடைக்க வேண்டும், உள்ளே ஈயம் (வெள்ளீயம், அதாவது டின்) பூச வேண்டும். பூசாத பித்தளையில் புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறும். இதற்கு இன்று மூன்று வழி உண்டு. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: கண்ணெதிரே கரியடுப்பு வைத்துச் செய்யும் பட்டறைக்கு ஐந்துக்கு 4, வாங்கி அனுப்பிவிடும் பாத்திரக்கடைக்கு 2½, நாமே பூசிக்கொள்ளும் வீட்டு கிட்டுக்குச் சொம்பு அளவில் 3, பெரிய பானைக்கு 1.

கொடுப்பதற்கு முன் பானை பித்தளையா வெண்கலமா என்று பாருங்கள். வெண்கலத்தைச் சுண்டினால் மணிபோல் இழுத்து ஒலிக்கும். ‘டப்’ என்று அடங்கினால் எங்கோ விரிசல். வெண்கலத்துக்கு வழக்கமாக ஈயம் பூசுவதில்லை. சூடேற்றாமல் அதில் சுத்தியல் போட்டால் உடைந்துவிடும், ஆகவே ‘ஒடுக்கு எடுத்துத் தரேன்’ என்று உடனே கை வைப்பவரிடம் வெண்கலத்தைக் கொடுக்க வேண்டாம்.

பித்தளையில் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். தேய்த்தும் போகாத செம்புநிறத் திட்டு இருந்தால் அந்த இடத்தில் துத்தநாகம் கரைந்து போய் உலோகம் சொத்தையாகிவிட்டது என்று பொருள். அங்கே பற்றவைப்பு நிற்காது, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். அடித்தகட்டை வெட்டி மாற்றுவதுதான் வழி. யாரோ முன்பு வைத்த எம்-சீல் ஒட்டு இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டே கொடுங்கள். தண்ணீர்க் குடத்துக்கு அது தாங்கும், அடுப்புச் சூட்டில் கருகும்.

நல்ல பட்டறையை வேலையின் வரிசையை வைத்தே அடையாளம் காணலாம். முதலில் ஒடுக்கு, அடுத்து பற்றவைப்பு, கடைசியில் ஈயம். பித்தளை ராடும் வெங்காரமும் (போராக்ஸ்) வைத்துப் பற்றவைக்க 800 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே உருகிவிடும். ஈயம் பூசிய பிறகு ஓட்டை அடைத்தால் சுற்றிலும் பூச்சு போய்விடும். பழைய ஈயத்தைச் சுரண்டாமல் பற்றவைத்தால் அது இணைப்புக்குள் கலந்து, இணைப்பு நொறுங்கும். சில இடங்களில் நேரம் மிச்சம் என்று ரேடியோக்காரர் வைக்கும் சால்டரால் அடைத்துத் தருவார்கள். அந்தக் கம்பியில் பெரும்பாலும் காரீயம் (லெட் எனும் நச்சு உலோகம்) கலந்திருக்கும். சமையல் பாத்திரத்தில் அது கூடவே கூடாது.

பூச்சு வேலை பார்க்கவே அழகு. ஆசிடில் நனைத்து மணல் போட்டுத் தேய்த்த பானையைக் கரிநெருப்பில் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். சூடு வந்ததும் ஒரு சிட்டிகை நவச்சாரம் (அமோனியம் குளோரைடு உப்பு). குப்பென்று வெள்ளைப் புகை எழும். ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்து, பஞ்சுத் துணியால் ஓட்டினால் மஞ்சள் உலோகம் நொடியில் வெள்ளியாகும். ஐந்து லிட்டர் பானைக்கு இருபது கிராம் அளவு ஈயம் தாராளம். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்த இடத்தில் ஈயம் பிடிக்காமல் கரும்புள்ளி நிற்கும். சூடு குறைந்தால் திட்டுத்திட்டாகக் கட்டும், கூடினால் பூச்சு மஞ்சளித்து மங்கும். ஈயக் குச்சியை வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். சுத்த வெள்ளீயம் வளையும்போது காதருகே மெல்லக் கிறீச்சிடும், காரீயம் சத்தமே போடாது.

பட்டறைக்கு ஒரு மதிப்பெண் குறைத்தது பேச்சு விஷயத்துக்காக. கூலி எடைக்கா, அளவுக்கா, பற்றவைப்பு தனியா என்று முன்கூட்டியே கேட்டு முடித்துக்கொள்ளாவிட்டால் வாங்கும்போது வாக்குவாதம்தான்.

பாத்திரக்கடையில் கொடுப்பது வசதி. ஆனால் எந்த ஈயம், எந்த வரிசை என்று கேட்டால் கல்லாவில் இருப்பவருக்குப் பதில் தெரியாது. ஓட்டை இல்லாத, பூச்சு மட்டும் தேய்ந்த பானைக்கு இந்த வழி பரவாயில்லை.

வீட்டு கிட்டில் இருப்பது ஈயக் குச்சி, நவச்சாரம், பஞ்சு, சில சமயம் ஒரு இடுக்கி. நவச்சாரம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், அதற்காகக் கிட் வாங்க வேண்டியதில்லை. கேஸ் அடுப்பில் சொம்பு முழுதும் ஒரே சீராகச் சூடேறும். பெரிய பானையிலோ அடி காய்ந்து கழுத்து ஆறிக் கிடக்கும், ஈயம் பாதியில் உறைந்துவிடும். நவச்சாரப் புகை மூக்கையும் கண்ணையும் பிடுங்கும். மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும், சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பது போதாது.

பானையை வாங்கும்போது வெயிலில் சாய்த்து உள்ளே பாருங்கள். கழுத்து வளைவிலும் அடி மூலையிலும்தான் ஈயம் விட்டுப்போகும். விரலால் தடவினால் கட்டி நெருடக் கூடாது. தண்ணீர் நிரப்பி, செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள்; கண்ணுக்குத் தெரியாத கசிவும் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டிவிடும். முதலில் ஒருமுறை அரிசி களைந்த கழுநீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டுப் புழங்க ஆரம்பிக்கலாம்.

அதன்பிறகு மரக்கரண்டி, தேங்காய் நார், மிதமான தீ. இரும்பு நார் பூச்சை வழித்து எடுத்துவிடும். வெறும் பானையைத் தீயில் வைத்துவிட்டு நகரக் கூடாது, தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுவது நல்லது. இண்டக்‌ஷன் அடுப்பில் பித்தளை சூடேறாது. சமைத்த புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காமல் மாற்றிவிடுங்கள். உள்ளே மஞ்சள் எட்டிப் பார்த்தால் புளி சேர்த்த சமையலை நிறுத்திவிட்டு மறுபடி பட்டறைக்கு. அப்போது பூச்சுக் கூலி மட்டும்தான், பற்றவைப்பு சரியாக நடந்திருந்தால் அந்த இடத்தை யாரும் திரும்பத் தொட வேண்டியிருக்காது.