லாமா சங்கச் செய்திமடலில் ஓராண்டு விளம்பரம்: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

லாமா (ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த தென்னமெரிக்க விலங்கு) வளர்ப்போர் சங்கம் ஒன்றின் காலாண்டுச் செய்திமடலில், நான்கு இதழ்களுக்கும் சேர்த்து அரைப் பக்க விளம்பரம் எடுத்திருந்தேன். பணம் மொத்தமும் முன்கூட்டியே போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்தவை: காலம் தவறி வந்த இதழ்கள், மாற்றிப் போட்ட படம், நான் எழுதாத வரிகள், வேறொருவர் வீட்டுக்குத் திரும்பிப்போன அழைப்புகள். விவகாரம் இன்னும் முடியவில்லை, அதனால் சங்கத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இப்படிச் சின்னச் சங்கங்களின் மடல்களில் விளம்பரம் கொடுக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பொது விளம்பரத் தளங்கள் இருக்கும்போது சங்க மடல் எதற்கு என்று கேட்கலாம். லாமா வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பொதுத் தளத்தில் போட்டால் வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை "முகத்தில் துப்புமா?", "ஏறிச் சவாரி போகலாமா?" ரகம். (துப்பும், ஆனால் பெரும்பாலும் தங்களுக்குள்தான். பெரியவர்கள் ஏற முடியாது. நன்கு வளர்ந்த லாமாவே தன் எடையில் கால் பங்கு அளவுக்குத்தான் சுமக்கும்.) சங்க மடலைப் படிப்பவர்கள் அப்படியில்லை. கிரியா என்றால் லாமாக் குட்டி என்று அவர்களுக்கு விளக்க வேண்டாம். பதிவு எண்ணைப் போட்டாலே பரம்பரையைத் தேடிப் பார்த்துக்கொள்வார்கள். 1985-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் லாமா ரெஜிஸ்ட்ரி போன்ற பதிவேடுகள் இருப்பதே அதற்காகத்தான். ஆகவே இடம் சரியானதுதான். அதை நடத்தியவர்கள்தான் சரியில்லை.

என்னிடம் விளம்பரம் செய்ய இரண்டு சரக்கு. ஒன்று, நல்ல பரம்பரையில் வந்த பொலி ஆண். மற்றவர்களின் பெண் லாமாக்களோடு இணை சேர்க்கக் கட்டணத்துக்கு விடுவது. இன்னொன்று, ஆட்டு மந்தைக்குக் காவலாக விற்க வைத்திருந்த, காயடித்த ஆண் லாமா. இரண்டுக்கும் காலம் முக்கியம். லாமாவின் சினைக்காலம் ஏறக்குறைய 350 நாள். பெண் லாமாவுக்குக் குறிப்பிட்ட பருவச் சுழற்சி கிடையாது, இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிப்படும். அதனால் குட்டி எப்போது பிறக்க வேண்டும் என்பதை வளர்ப்பவர்தான் தீர்மானிக்கிறார். கடும் வெயிலும் கடுங்குளிரும் இல்லாத வாரங்களாகப் பார்த்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்ப முந்தைய ஆண்டே பொலி ஆணைத் தேடுவார்கள். காவல் லாமாவும் அப்படியே. ஆடுகள் குட்டி போடுவதற்கு முன்பே மந்தையோடு பழகியிருக்க வேண்டும். குட்டிகள் பிறந்து, நரியும் தெருநாயும் மோப்பம் பிடித்து வந்த பிறகு வாங்கிப் பயனில்லை. இதையெல்லாம் விளம்பரப் பொறுப்பாளரிடம் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவரே லாமா வளர்ப்பவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முதல் இதழ் பருவம் முடிந்த பிறகு வந்தது. ஆசிரியருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள், அப்புறம் அச்சகத்தில் தாமதம் என்றார்கள். சரி, தொண்டர்கள் நடத்துகிற மடல், நடக்கக்கூடியதுதான் என்று பொறுத்துக்கொண்டேன். ஆனால் பிரித்துப் பார்த்தால் அரைப் பக்க விளம்பரம் கால் பக்கமாகச் சுருங்கியிருந்தது. நடுவில் பின் அடித்துத் தைக்கிற மடல்களுக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வர முடியும். பதினாறு பக்கத்துக்கு மேல் ஒரே ஒரு பக்கம் கூடினாலும் இருபதுக்குப் போக வேண்டும், அச்சுச் செலவு ஏறும். அந்த இதழில் ஆண்டுக் கூட்ட அறிக்கை நீண்டுவிட்டதாம். அறிக்கையைச் சுருக்காமல் விளம்பரத்தைச் சுருக்கிவிட்டார்கள். கட்டணத்தில் மட்டும் எதுவும் சுருங்கவில்லை. படமும் கறுப்பு வெள்ளையில் வந்திருந்தது. அடர் பழுப்பு நிற லாமாவை மரத்தடி நிழலில் எடுத்த படம் கறுப்பு வெள்ளையானால் எப்படியிருக்கும்? இரண்டு காது மட்டும் தெரிந்தது. லாமாவின் காது வாழைப்பழம் போல உள்நோக்கி வளைந்திருக்கும் என்பதால், பழக்கப்பட்டவர்கள் அதை வைத்து லாமாதான் என்று கண்டுபிடித்திருப்பார்கள்.

இரண்டாவது இதழில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன், அப்போது முடியவில்லை. "பொலி ஆண், இணை சேர்க்கக் கிடைக்கும்" என்ற தலைப்பின் கீழே காயடித்த லாமாவின் படம். "மந்தைக் காவலுக்கு ஏற்றது" என்ற தலைப்பின் கீழே பொலி ஆணின் படம், அதன் பதிவு எண்ணோடு. பதிவு எண்ணைத் தேடிப் பார்த்த ஒருவர் என்னை அழைத்து, நான் மோசடி செய்கிறேனா, அல்லது எனக்கு ஒன்றுமே தெரியாதா என்று நேரடியாகவே கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. காயடிக்காத ஆணை ஆட்டு மந்தையில் விடவே கூடாது. பெண் ஆடுகள் மேல் ஏறப் பார்க்கும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்கு அது, ஆடு நசுங்கிச் சாகக்கூட வாய்ப்புண்டு. 1990-களின் தொடக்கத்தில் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் காவல் லாமா வைத்திருக்கும் ஆட்டுப் பண்ணையாளர்களிடம் ஆய்வு செய்த காலத்திலிருந்தே, காயடித்த ஒற்றை ஆண்தான் காவலுக்குப் பொருத்தம் என்பது இந்தத் தொழிலில் பொதுவான வழக்கம். ஒற்றை ஏன் என்றால், இரண்டு மூன்று லாமா சேர்ந்துவிட்டால் அவை தங்களுக்குள் கூட்டம் சேர்ந்துகொண்டு ஆடுகளை மறந்துவிடும். இவ்வளவும் தெரிந்தவர்கள் படிக்கிற மடலில் அப்படி ஒரு விளம்பரம் வந்தால், படிக்கிறவர் மடலையா குறை சொல்வார்? விளம்பரத்தில் இருப்பது என் பெயர்.

அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க மெய்ப்புப் பிரதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தேன். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற ஒரு வரிதான் பதில்.

மூன்றாவது இதழைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. படங்கள் இந்த முறை இடம் மாறவில்லை. ஆனால் காவல் லாமாவின் விளம்பரத்தில் நான் எழுதாத ஒரு வரி சேர்ந்திருந்தது: "பிறந்ததிலிருந்து பால்புட்டியில் வளர்ந்தது, மனிதர்களோடு குழந்தை மாதிரி ஒட்டிக்கொள்ளும்." லாமா தெரியாதவருக்கு இது அழகான வரி. தெரிந்தவருக்கு அபாய மணி. தாயிடமிருந்து பிரித்து, மற்ற லாமாக்களோடு பழக விடாமல் மனிதர் கையிலேயே புட்டிப்பால் குடித்து வளர்கிற ஆண் குட்டி, மனிதரையும் தன் இனமாகவே நினைத்துக்கொள்ளும். குட்டியாக இருக்கும்வரை செல்லம். பருவம் வந்ததும் மனிதர் அதற்குப் போட்டி ஆண். நெஞ்சால் முட்டித் தள்ளும், காலைக் கடிக்கும். ஆண் லாமாவுக்குச் சண்டைக்கென்றே கூரான பற்கள் உண்டு. இந்தக் குணம் ஊறிய பிறகு காயடித்தாலும் மாறும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள எவரும் அப்படி வளர்ந்த ஆணைத் தன் வேலிக்குள் விடமாட்டார். என் லாமாவோ தாய்ப்பால் குடித்து, ஆறு மாத அளவில் பால் மறந்து, மற்ற ஆண்களோடு முட்டிமோதி வளர்ந்தது. இரண்டு வயதை ஒட்டித்தான் காயடித்தோம். அதற்கு முன் செய்தால் கால் எலும்புகள் அளவுக்கு மீறி நீண்டு நடை கெட்டுவிடும் என்று மருத்துவர் சொன்னதால் காத்திருந்தோம். இதெல்லாம் நான் அனுப்பிய வாசகத்தில் இருந்தது. அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில்தான் புட்டிப்பால் கதையை நுழைத்திருந்தார்கள்.

ஏன் என்று கேட்டேன். "வாசகம் வறட்சியாக இருந்தது, கொஞ்சம் மெருகேற்றினோம்" என்றார் விளம்பரப் பொறுப்பாளர். லாமாவே தெரியாத ஒருவர் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

அழைப்புகள் ஏன் வரவில்லை என்பது அதற்குப் பிறகு தற்செயலாகத் தெரிந்தது. ரோமம் கத்தரிக்கிற ஒருவர் பல பண்ணைகளுக்குப் போய்வருவார், அவர் மூலம் அறிமுகமான ஆட்டுப் பண்ணைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். பேச்சுவாக்கில் அவர், "முதல் இதழில் உங்கள் விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டேனே, அந்த லாமா விற்றுப்போய்விட்டது, அதே மாதிரி தன்னிடம் ஒன்று இருக்கிறது என்றாரே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து இதழை எடுத்துப் பார்த்தேன். சுருக்கிப் போட்ட விளம்பரத்தில் என் தொலைபேசி எண் இல்லை. அடியில் பொடி எழுத்தில், விவரங்களுக்கு விளம்பரப் பிரிவைத் தொடர்புகொள்ளவும் என்று மட்டும் இருந்தது. விளம்பரப் பிரிவு என்றால் அந்தப் பொறுப்பாளரின் கைபேசி. அவருடைய பண்ணை விளம்பரமோ ஒவ்வோர் இதழிலும் பின்னட்டையில், முழு வண்ணத்தில், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். வேலியே பயிரை மேய்ந்த கதை.

அவர் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். இடம் போதாததால் எண் விடுபட்டது, வந்த அழைப்பில் தன்னிடம் இருப்பதைப் பற்றிச் சொன்னது இயல்பாக நடந்தது, உள்நோக்கம் எதுவும் இல்லை என்கிறார். என் லாமா விற்றுப்போய்விட்டதாக ஏன் சொன்னார் என்பதற்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.

எத்தனை பேருக்கு மடல் போகிறது என்ற கணக்கும் இன்னொரு வேடிக்கை. கட்டண அட்டையில் பெருமையாக ஒரு வாசகர் எண்ணிக்கை போட்டிருந்தார்கள். பொருளாளர் நல்ல மனிதர், கேட்டதும் விளக்கினார். சந்தா கட்டும் உறுப்பினர்கள், புதுப்பிக்காமல் விட்ட பழைய உறுப்பினர்களின் மின்னஞ்சல்கள், கண்காட்சிகளில் சும்மா வைக்கும் பிரதிகள், எல்லாவற்றையும் கூட்டி, ஒரு பிரதியைச் சிலர் படிப்பார்கள் என்று அதைப் பெருக்கிப் போட்டிருக்கிறார்கள். அச்சடிக்கும் பிரதி அதில் சின்னப் பங்கு. பெரிய பத்திரிகைகளுக்கு ஏபிசி போன்ற தணிக்கை அமைப்புகள் விற்பனையைச் சரிபார்க்கும். சங்க மடல்களுக்கு அப்படி யாரும் இல்லை, அவர்கள் போடுகிற எண்தான் எண். ஆகவே வாசகர் எத்தனை என்று கேட்காதீர்கள். இந்த ஆண்டு சந்தா கட்டிய உறுப்பினர் எத்தனை, கடைசி இதழ் எத்தனை பிரதி அச்சானது என்று கேளுங்கள். அச்சகப் பில்லிலேயே அது இருக்கும்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். பணத்தைத் திருப்பித் தர விதியில் இடமில்லை, வேண்டுமானால் அடுத்த ஆண்டு இரண்டு இதழ்களில் இலவசமாகப் போடுகிறோம் என்றார்கள். எந்த விதி என்று கேட்டால் காட்டவில்லை. நான் கையெழுத்திட்ட விளம்பரப் படிவத்தில் அளவும் தொகையும் மட்டும்தான் இருக்கின்றன. இதழ் வெளிவரும் தேதி, மெய்ப்பு, பிழை வந்தால் என்ன செய்வது, எதுவுமே இல்லை. "எல்லாரும் சம்பளம் இல்லாமல் உழைக்கிறோம்" என்ற பதில் வேறு. சம்பளம் இல்லாத உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் விளம்பரக் கட்டணம் நன்கொடை இல்லையே, நான் ரசீது வாங்கிக் கட்டிய பணம்.

வேறு சங்கத்து மடல்களும் இருக்கின்றன, நன்றாக நடப்பவையும் உண்டு. அவற்றில் ஒன்றில் இப்போது கொடுத்திருக்கிறேன், ஒரே ஓர் இதழுக்கு மட்டும். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், வேண்டாம் என்றேன். இதழ் எந்த வாரம் தபாலில் சேரும் என்பதையும், அதற்குப் பிந்தினால் கட்டணம் கிடையாது என்பதையும் மின்னஞ்சலிலேயே ஒப்புக்கொள்ள வைத்தேன். படத்தோடு, வாசகத்தோடு, தொலைபேசி எண்ணோடு பக்கத்தை மொத்தமாக ஒரே பிடிஎஃப் கோப்பாக நானே செய்து அனுப்பினேன், 300 டிபிஐ தெளிவில். அப்போது யாரும் மெருகேற்ற முடியாது. நிறம் இல்லாமல் அச்சிட்டால் எப்படி வரும் என்று வீட்டுப் பிரிண்டரில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். இதழ் வந்ததும் விளம்பரம் உள்ள பிரதியை அனுப்பிய பிறகே மீதிப் பணம். இன்னொரு கேள்வியும் கேட்டேன், கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது: விளம்பரம் வாங்குகிறவர் தானும் லாமா விற்கிறாரா? விற்கிறார் என்றார்கள், ஒளிக்காமல். விற்பதில் தப்பில்லை. அழைப்பு எந்த எண்ணுக்குப் போகிறது என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காவல் லாமா அந்த ஆட்டுப் பண்ணைக்காரரிடமே போய்விட்டது. பொலி ஆணுக்கு இந்தப் பருவம் வீண்தான், பதிவு எண் விவகாரத்தால் இரண்டு பேர் பின்வாங்கிவிட்டார்கள். நான்காவது இதழ் இன்னும் வரவில்லை. அதில் மறுப்புச் செய்தியும், பிழை நேர்ந்ததற்கான விளக்கமும் போட வேண்டும் என்று செயலாளருக்கு எழுதியிருக்கிறேன். ஆண்டுப் பொதுக்குழுவில் கேள்வியாகவும் பதிவு செய்திருக்கிறேன். இதே மடலில் விளம்பரம் கொடுத்து இப்படிப் பட்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் படிவத்தையும் இதழ்ப் பிரதியையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனியாக எழுதுங்கள். கூட்டத்துக்கு முன் சேர்ந்து பேசலாம்.