அலுமினிய ஏணியா, ஃபைபர் ஏணியா?

மின்கம்பி அருகே வேலை என்றால் பேச்சே வேண்டாம், ஃபைபர்தான். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் ஈரமோ அழுக்கோ படிந்த ஃபைபரையும் நம்ப முடியாது, துடைத்துவிட்டு ஏறுங்கள். மற்றபடி, தூக்கிச் சுமக்க அலுமினியமே லேசு.

சோதிக்கும் விதம்தான் வேறு. அலுமினியத்தில் பக்கச் சட்டம் வளைந்திருக்கிறதா, படியைப் பிடிக்கும் ரிவெட் ஆடுகிறதா என்று பாருங்கள். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தக் கூடாது; அந்த இடம் பலமிழந்திருக்கும். ஃபைபர் அப்படி வளைந்து காட்டாது, மயிரிழை விரிசல்தான் விடும். பெயின்ட் அடித்தால் அதுவும் மறைந்துவிடும். நீண்ட காலம் வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு போய் நார் கிளம்பி, கையில் முள்ளாய்க் குத்தும்.

சுவரில் சாய்க்க இரண்டுக்கும் ஒரே கணக்கு: 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளி அடிக்கால். கூரைக்கு ஏறினால் விளிம்புக்கு மேல் 3 அடி நீட்டியிருக்க வேண்டும்.